கறுப்பு மணலில் ஒரு 150 சிசி வண்டி: பாலித் தீவிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

சென்ற வாரம், மண்பாதைகளில் ஓட்டுவதற்கான என் டர்ட் பைக்குக்கு மறுபடியும் செயினையும் முன்பின் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய பெரிய பல்சக்கரத்தை மெக்கானிக் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். பற்கள் ஒவ்வொன்றும் கதிர் அரிவாளின் முனை போல ஒரே பக்கமாக வளைந்து, விரலை வைத்தால் கீறிவிடும் அளவுக்குக் கூர்மையாகியிருந்தன. தேய்வதற்கென்றே உள்ள பாகம் தேய்ந்ததற்காக யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் என்னோடு வேலை செய்பவர் இதே வண்டியைப் பாலியின் தலைநகரான டென்பசாரின் தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறார். எனக்கு முன்பே வாங்கியவர், இன்னும் முதல் செயினிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

பாலியில் இந்த வகை வண்டி என்றால் பேச்சு மூன்றைச் சுற்றியே வரும்: கவாசாகி கேஎல்எக்ஸ் 150, 2017இல் வந்த ஹோண்டா சிஆர்எஃப் 150 எல், 2019இன் இறுதியில் வந்த யமஹா டபிள்யூஆர் 155 ஆர். என்னுடையது இவற்றில் எது என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மற்ற இரண்டின் சொந்தக்காரர்களும் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்லவரும் தொல்லையோ மூன்றுக்கும் பொதுவானது. பெரும்பாலும் முன்னே 21, பின்னே 18 அங்குலச் சக்கரம், குட்டையானவர்களை மிரட்டும் இருக்கை உயரம், கையளவுப் பெட்ரோல் டாங்கி, 428 அளவுச் செயின் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

தொல்லைக்குக் காரணம் மணல். தீவின் வடகிழக்கில் எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் கிண்டாமணியிலிருந்து கீழே இறங்கினால், பத்தூர் எரிமலையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் எரிமலைக்குழம்பு உறைந்த கறுப்புப் பாறையும் அது பொடிந்த கறுப்பு மணலுமாகக் கிடக்கிறது. 1717 மீட்டர் உயரமுள்ள இந்த மலை 1926இல் தன் அடிவாரத்தில் இருந்த பத்தூர் கிராமத்தையே குழம்பால் மூடிவிட்டது. மக்கள் விளிம்பின் மேல் குடியேறி, கோயிலையும் அங்கேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள். 1963இல் ஆகுங் மலை வெடித்த அதே ஆண்டில் இதுவும் மீண்டும் வெடித்தது. மலையின் தென்மேற்குப் பக்கத்தில் விடியற்காலையில் சுற்றுலா ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும் கறுப்பு நிலம், இப்படிப் பல வெடிப்புகள் அடுக்கடுக்காகக் கொட்டிவைத்த குழம்புதான். ஆற்று மணலும் கடல் மணலும் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியவை. இந்த மணலுக்கு அந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால், உடைந்த கண்ணாடித் தூளுக்கு உரிய நறநறப்பு தெரியும். கட்டட வேலைக்கு இதற்கு நல்ல மதிப்பு உண்டு. லாரி லாரியாக அள்ளித் தெற்கே கொண்டுபோகிறார்கள். வளைவுகளில் அந்த லாரிகள் சிந்திவிட்டுப் போகும் மணலில் ஸ்கூட்டர்கள் சறுக்குவதைப் பார்க்காமல் பாங்லி சாலையில் ஒரு நாளும் இறங்க முடியாது. நான் குடியிருக்கும் வீட்டுச் சுவரிலும் அநேகமாக இதே மணல்தான் இருக்கும்.

செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முளை, அதன் மேல் ஒரு புஷ், அதன் மேல் சுழலும் உருளை இருக்கின்றன. எண்ணெய் வழிய வழிய விட்ட செயினோடு மணலில் இறங்கினால், எண்ணெய் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வால்வு தேய்க்கும் பசையாகவே மாறிவிடும். அந்தப் பசை உள்ளே புகுந்து முளையையும் புஷ்ஷையும் அரைக்க அரைக்கக் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. தூரம் கூடிய செயின் பல்சக்கரத்தின் பற்களோடு ஒத்துப்போகாமல் ஒரு சில பற்களின் மீதே பாரத்தை ஏற்றுவதால், அவையும் வளைகின்றன. ஆகவே செயினை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு இங்கே பலிக்காது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த செயின் போட்டால் முளைப்பகுதி பிழைத்துக்கொள்கிறது; உருளைக்கும் பல்சக்கரத்துக்கும் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

இதையெல்லாம் நான் தெற்கே ஒரு பணிமனையில் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். ஊர் பெயரோ கடைப் பெயரோ வேண்டாம். ஒவ்வொரு முறையும் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது செயின் எண்ணெயில் குளித்திருக்கும். அதற்கும் மேலாக, கொஞ்சமும் தளர்வின்றி இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் அந்த இறுக்கம் இந்த வண்டிக்கு விஷம். பின்சக்கரம் மேலும் கீழும் நெடுந்தூரம் அசையும் அமைப்பில், கியர்ப்பெட்டியின் பல்சக்கரம், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்மின் அச்சு, பின்சக்கரத்தின் அச்சு மூன்றும் நேர்கோட்டில் வரும் கணத்தில்தான் செயின் மிக அதிகமாக இழுபடும். நிற்கும்போதே தளர்வு இல்லாத செயின் அந்தக் கணத்தில் எங்கே போகும்? ஒரு மேட்டில் தாவி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு பேரிங்கைப் பிடித்து இழுக்கிறது. சொன்னேன், தலையாட்டினார்கள், மறுபடியும் இறுக்கினார்கள்.

இதில் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூத்தா, சனூர், சங்கு என்று வெளிநாட்டவர் குவியும் தென்பகுதியில் ஓடுபவற்றில் மிகப்பெரும்பாலானவை பெல்ட்டில் இயங்கும் ஸ்கூட்டர்கள். நாள் முழுவதும் பெல்ட்டையும் உருளைகளையும் மாற்றும் கைகளுக்குச் செயின் ஒரு பழைய நினைவாகத்தான் இருக்கும். மலைக்கிராமங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே விவசாயிகள் ஓட்டுவது செயின் வைத்த பழைய ஹோண்டா சுப்ரா வகை வண்டிகள். புல்லும் வெங்காய மூட்டையும் சுமந்து தினமும் இந்த மணலில்தான் போய்வருகின்றன. சோங்கான் பக்கம் ஒரு தகரக்கொட்டகையில் இருக்கும் மெக்கானிக் என் வண்டியைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “எண்ணெய் விட்டது யார்?” என்பதுதான். நான் பேசும் அரைகுறை இந்தோனேசிய மொழியில், “பிளி (அண்ணா), அது தெற்கே நடந்தது” என்றேன். அவர் டீசலில் நனைத்த பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கண்ணியையும் தேய்த்துக் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, பின்சக்கரத்தின் மேல் என்னையே உட்காரவைத்து அழுத்தச் சொல்லி, செயின் மிக இறுகும் நிலையைக் கையால் தொட்டுப் பார்த்துத் தளர்வை வைத்துக் கொடுத்தார். கேட்ட கூலி ஒரு காப்பிக் காசுக்குக் கொஞ்சம் மேல்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான்: மலைக்குப் போவதற்கு முந்தைய இரவே மெழுகு வகைத் தெளிப்பானை அடித்துக் காயவிடுகிறேன், மணலில் இறங்கும் நாளன்று செயினைத் தொடுவதில்லை, திரும்பியதும், குளிக்கும் முன்பே, டீசலும் தூரிகையும். ஃபோம் வகைக் காற்றுவடிகட்டிக்கும் அதே இரவில் ஒரு கழுவல் உண்டு. பலன் இருக்கிறது. போதுமான பலன் இல்லை என்பதற்குத்தான் சென்ற வாரத்து ரசீது சாட்சி.

இவ்வளவு சலிப்புக்கு இடையிலும் ஞாயிறு விடிந்தால் ஏன் இதில்தான் ஏறுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலோரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆயிரத்தைந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறி, வியர்வை குளிராக மாறும் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே பத்தூர் ஏரியைப் பார்ப்பது ஒன்று. கறுப்புப் பாறைகளுக்கு நடுவே முதல் கியரில் எழுந்து நின்றபடி ஊர்ந்து போகும்போது, 21 அங்குல முன்சக்கரம் தலையளவுக் கற்களைத் தானே எண்ணிப் பார்த்து ஏறிக் கடப்பது இன்னொன்று. பெரிய வண்டிகளை இங்கே இறக்குமதி விலை கொடுத்து வாங்கியவர்கள், அவற்றை மூன்று பேர் சேர்ந்து தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 120 கிலோ எடையுள்ள இது சாய்ந்தால், முணுமுணுத்துக்கொண்டே ஒருவனாகத் தூக்கிவிடலாம். இத்தனைக்கும் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்: முழு உடற்கவசத்தோடு நான் திணறும் அதே சரிவில், ரப்பர்ச் செருப்பு போட்ட ஒரு பெரியவர் புல்லுக்கட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய சுப்ராவில் ஒரு புன்னகையோடு முந்திச் சென்றுவிடுவார்.

ஈரக்காலத்தில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, மேற்கே புப்புவான் பக்கத்துச் செம்மண் பாதைகளை நான் தொடுவதில்லை. டயரின் முட்கள் நொடியில் களிமண்ணால் அடைபட்டுவிடும். நெல்வயல் வரப்புகளில் எந்தக் காலத்திலும் ஏற்றுவதில்லை; சுபாக் என்ற நீர்ப்பங்கீட்டு முறைக்கு உட்பட்ட அந்த வாய்க்கால்களில் ஒரு டயர் தடம் கரையை உடைத்தால் கீழே இருக்கும் பல வயல்களின் தண்ணீர் போய்விடும். வெளிநாட்டவர் ஓட்டும் விதத்தின் மீது இங்கே ஏற்கெனவே போதுமான அதிருப்தி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு இருசக்கர வண்டிகளை வாடகைக்கு விடுவதையே நிறுத்த வேண்டும் என்று 2023 மார்ச்சில் ஆளுநர் வாயான் கோஸ்டர் முன்மொழிந்தது இந்தத் தீவில் நீண்டநாள் பேச்சாக இருந்தது.

வண்டி அக்கம்பக்கத்தில் எனக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்ததையும் குறிப்பிட வேண்டும். 210 நாளைக்கு ஒருமுறை வரும் தும்பெக் லண்டெப் சனிக்கிழமையில் பாலி இந்துக்கள் இரும்பால் ஆன பொருட்களுக்குப் பூசை செய்கிறார்கள். முன்பு குறுவாளுக்கு நடந்தது இப்போது கார், பைக் வரை வந்துவிட்டது. ஆயுத பூஜைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வளர்ந்தவனுக்கு இது அயலாகவே படவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், நான் கேட்காமலே, தென்னங்குருத்தில் பின்னிய தோரணத்தை என் வண்டியின் கைப்பிடியிலும் கட்டி, பூவைத்த சிறு தட்டை இருக்கையில் வைத்து, தீர்த்தம் தெளித்தார். பின் செயினைக் குனிந்து பார்த்து, “இதற்கு என்ன ஆயிற்று, பாக் (ஐயா)?” என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இந்தக் கட்டுரையின் பாதி.

அண்மையில் சனூருக்கு வேலைக்கு வந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர், பழைய வண்டிகளின் விலை இறங்கியிருப்பதாகச் சொல்லி, “அண்ணா, நானும் இதையே வாங்கலாமா?” என்று கேட்டார். மேலே இவ்வளவு புகழ்ந்த பிறகும் நான் சொன்ன பதில், வாங்காதீர்கள் என்பதுதான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு வாடகை வண்டி போதும். கழுவுவதும் பல்சக்கரம் மாற்றுவதும் வாடகைக்கு விடுபவரின் தலைவலி. அவர் விடாமல், “அப்படியானால் உங்கள் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்” என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதில் முரண்பாடு இருக்கலாம். புதுச் செயினுக்குக் காசு கொடுத்த சூடு ஆறாத மனநிலையில் என்னிடமிருந்து இதைவிடச் சீரான தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

அதையும் மீறி அவர் வாங்குவதென்றால் முதலில் காகிதங்களைப் பார்க்கட்டும். சாலையில் ஓட்டுவதற்கான வண்டிப் பதிவுச் சான்றான எஸ்டிஎன்கே மட்டும் போதாது, உரிமைப் புத்தகமான பிபிகேபியும் கைக்கு வர வேண்டும். இருசக்கர வண்டி ஓட்டுவதற்கான சிம் சி உரிமம் இல்லாமல் விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகையை எதிர்பார்க்க முடியாது. பிறகு பல்சக்கரத்தின் பின்விளிம்பில் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கட்டும். பல்லின் பாதி உயரம் கண்ணில் பட்டால் செயினோடு இரண்டு பல்சக்கரங்களின் விலையையும் கழித்துக்கொண்டு பேச வேண்டும். வண்டி கிண்டாமணியில் ஓடியதா என்று விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. ஸ்விங்ஆர்மின் அடியில், அழுத்தநீர் போகாத மூலையில், விரலை விட்டுத் தடவினால் கறுப்பாக நறநறவென்று வந்து ஒட்டும்.