காரைக்குடி லேப் ரிவ்யூ: வயித்து கேன்சர் பயாப்ஸியும் இபிவி டெஸ்ட்டும், மூணரை ஸ்டார்

சித்தப்பாவோட பயாப்ஸிய குடுத்த லேப் இது, பேர் போட்டு யாரையும் இழுக்க விரும்பல, ஆனா தேவகோட்டை பள்ளத்தூர் கானாடுகாத்தான்னு சுத்துவட்டாரத்துல யாராச்சும் மதுரைக்கு ஓடுறதுக்கு முன்னாடி காரைக்குடிலயே டெஸ்ட்டுக்கு குடுக்கப் போறீங்கன்னா இத படிச்சுட்டு போங்க.

ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வந்துருச்சு. அடினோகார்சினோமா (சுரப்பி செல்லுல வர்ற கேன்சர்), வயித்தோட மேல்பாகம், கட்டிக்குள்ள லிம்போசைட் (நோய எதிர்க்கிற வெள்ளை அணு) நெறைய இருக்கு, அதனால இபிவி பாக்கலாம்னு கீழ ஒரு வரி. அந்த ஒரு வரிக்கே ரெண்டு ஸ்டார் குடுக்கலாம், எல்லா லேப்லயும் இத எழுத மாட்டாங்க.

இபிவின்னா எப்ஸ்டீன் பார் வைரஸ், 1964ல கண்டுபிடிச்சது, எச்சில் வழியா பரவும், பெரியவங்கள்ல நூத்துக்கு தொண்ணூறு பேருக்கு மேல ஒடம்புல சும்மா தூங்கிட்டு கெடக்கும் (எச்சின்னு கேட்டதும் அப்பத்தா சித்தப்பா தட்டு டம்ளரெல்லாம் தனியா எடுத்து வச்சுட்டாங்க, அதெல்லாம் தேவையே இல்ல). அதனால ரத்தத்துல ஆன்டிபாடி பார்த்து பிரயோஜனம் இல்ல, கட்டியோட திசுவுலயே வைரஸ் இருக்கான்னு பாக்க ஈபர்னு ஒரு டெஸ்ட் போடணும்.

கவுண்டர் தம்பி "எம்எம்ஆர் நார்மல்னு வந்துருச்சுல்லண்ணே, அப்பறம் இது எதுக்கு"ன்னாரு (எம்எம்ஆர்னா டிஎன்ஏல வர்ற எழுத்துப் பிழைய சரிபண்ற புரதங்க கட்டில இருக்கான்னு பாக்குற டெஸ்ட்). நல்லவேளை பத்தாலஜிஸ்ட் மேடம் போன்ல வந்து பொறுமையா வெளக்குனாங்க, ரெண்டும் வேற வேற வகையாம். 2014ல டிசிஜிஏங்கற அமெரிக்க கேன்சர் ஜீன் ஆய்வுல வயித்து கேன்சர நாலா பிரிச்சாங்க, அதுல இபிவி வகை சுமார் 9 சதவீதம், எம்எஸ்ஐ (அந்த பிழை சரிபண்ற வேல கெட்டுப்போனது) தனி வகை. எம்எஸ்ஐல பெரும்பாலும் எம்எல்ஹெச்1 ஜீன் மெத்திலேஷனால மூடிக்கும், அதான் எம்எம்ஆர் டெஸ்ட்ல தெரியுது. இபிவி வகைல அது மூடாது, ஆனா பி16 மொதக்கொண்டு மத்த ஜீன் எக்கச்சக்கமா மூடிக் கெடக்கும், அதுவரைக்கும் அந்த ஆய்வுக்காரங்க பாத்த எந்த கேன்சர்லயும் அவ்வளவு இல்லையாம். மெத்திலேஷன்னா டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறாது, மேல ஒரு சின்ன கெமிக்கல் ஒட்டிக்கிட்டு ஜீன் வேல செய்யாம நின்னுரும், நம்மூர்ல ஆள் இல்லாம பூட்டிக் கெடக்குற பெரிய வீடு மாதிரி.

இனிமேதான் ஒன்றரை ஸ்டார் போன கதை. மார்க்கெட்டிங்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டு "மெத்திலேஷன் பேனல் எடுங்க சார், எந்த கீமோ கேக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுரும்"னு ஒரே புடி. ரேட்ட கேட்டா அதுக்கு நகையே வாங்கிரலாம். மதுரை டாக்டர்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு, அத வச்சு கீமோவ மாத்துற அளவுக்கு இன்னும் வரல, ஈபர் மட்டும் போடுங்கன்னுட்டாரு. யோசிச்சு பாருங்க, கீமோ செல்லோட டிஎன்ஏவ அடிக்குது, அடிபட்ட செல் தன்னத்தானே அழிச்சுக்க வைக்கிற ஜீன் மூடிக் கெடந்தா மருந்து கேக்காது, அதே அந்த அடிய ரிப்பேர் பண்ற ஜீன் மூடிக் கெடந்தா நல்லாவே கேக்கும், இதுல மெத்திலேஷன் ஜாஸ்தின்னு மட்டும் வச்சு என்னத்த சொல்றது? பூட்ட தொறக்குற அசாசைடிடின், டெசிடபின் எல்லாம் ரத்த வியாதிக்குத்தான் குடுக்குறாங்க, வயித்துக்கு இன்னும் ஆராய்ச்சி லெவல்தான். பயந்துபோய் இருக்குற குடும்பத்துக்கிட்ட இப்படி விக்கிறது எனக்கு சுத்தமா புடிக்கல.

ஈபர் பாசிட்டிவ். இப்ப ஃப்ளாட்னு ஒரு கீமோ ஓடுது, நாலு மருந்து, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அதுல ஆக்சாலிபிளாட்டின் இருக்கதால ஃப்ரிட்ஜ் கதவ தொட்டாலே சித்தப்பாக்கு வெரல் சுரீர்ங்குது. பாசிட்டிவ்னு தெரிஞ்சதுல லாபம் என்னன்னா பின்னாடி தேவப்பட்டா இம்யூனோதெரபி (ஒடம்போட எதிர்ப்பு சக்திய கேன்சருக்கு எதிரா தூண்டுற மருந்து) பத்தி பேசலாம், 2018ல வந்த கொரியா ஆய்வுல அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் குடுத்த இபிவி பாசிட்டிவ் ஆறு பேருக்கும் கட்டி சுருங்கியிருக்கு. ஆறு பேருங்கறது சின்ன கணக்குதான்.

பயாப்ஸி ப்ளாக்க (மெழுகுல பதிச்சு வச்ச திசு) கேட்டா குடுத்துருவாங்க, கையெழுத்து மட்டும் போடணும். லேபிள் நம்பர் ரிப்போர்ட்டோட ஒத்துப்போகுதான்னு நம்ம முன்னாடியே அந்த அக்கா படிச்சு காட்டி, பஞ்சு வச்சு ஜிப் கவர்ல போட்டு, கார் டேஷ்போர்டுல வெயில்ல வச்சுராதீங்க மெழுகு எளகிரும்னு சொல்லி அனுப்புனாங்க. பார்க்கிங் கெடையாது, பைக்லயே போங்க.