படலைத் தூண்: பனங்குற்றியா, கொங்கிறீற்றா?

ஒழுங்கையால் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வந்துபோகும் வளவு என்றால் கேற்றைவிடத் தூண்தான் முக்கியம். பனங்குற்றி வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பு நார் நெருக்கமாக இருந்தால் வைரமான மரம். நடுவில் வெளிறிய, மெதுவான சோற்றிப் பகுதி கூடினால் கறையானுக்குச் சாப்பாடு. பனை தறிக்க அனுமதியும் வேண்டும். எங்கள் தகரப் படலையைக் குற்றி நன்றாகத்தான் தாங்கியது. இரும்புக் கேற் மாட்டிய முதல் மாரியிலேயே சரிந்து, கேற் நிலத்தில் இழுபட்டது.

கொங்கிறீற்றுக்குச் செலவு கூட. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல இடங்களில் தூணுக்குக் கிடங்கு கொஞ்சம் தோண்டவே அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் 'ணங்' என்னும். கடற்கரைப் பக்கமென்றால் கம்பியைக் கலவை தடிப்பாக மூட வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றில் கறள் பிடித்துத் தூணே வெடிக்கும். பிணைச்சல் கம்பியையும் கலவை போடும்போதே வைத்துவிடுங்கள். இரும்புக் கேற்றுக்கு என் தெரிவு கொங்கிறீற்றுத்தான். ஆடு மாடு மறிக்கும் தட்டிப் படலைக்குக் குற்றியே போதும்.