ஒல்லிக்கும் சுகர், தொப்பைக்கும் சுகர்: மாத்திரை ஒன்றா?

மன்னார்குடி பக்கம் எங்கள் தெருவில் இரண்டு பேருக்குச் சுகர். ஒருவர் நெல் மண்டிக்காரர். சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பை. மற்றவர் வயலில் காய்ந்த உடம்பு; குறுவை நடவு வந்தால் இன்னும் இளைத்துவிடுவார். "அண்ணே, உங்களுக்கு நல்லாக் கேக்குதுல்ல, அதையே குடுங்க" என்று மண்டிக்காரரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

சீட்டில் இருவருக்குமே டைப் 2தான். ஆனால் மண்டிக்காரருக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, மடைதான் அடைத்திருக்கிறது: இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்கு மசிவதில்லை. வயல்காரருக்கு மேட்டூரிலேயே தண்ணீர் இல்லை. கணையத்தில் சுரப்பே குறைவு.

2018இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயை ஐந்தாகப் பிரித்தார்கள். 2020இல் வெளியான இந்திய ஆய்வு, 19,084 டைப் 2 நோயாளிகளை நான்காகப் பிரித்தது. சுரப்பு வற்றியவர்கள் சுமார் 26 சதவீதம், மண்டிக்காரர் வகையும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டு கோளாறும் சேர்ந்தவர்கள் 12 சதவீதம். சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம் இவர்களுக்குத்தான்; கண்ணுக்கு ஆபத்து சுரப்பு வற்றியவர்களுக்கு அதிகம், அடுத்து இவர்களுக்கு. மீதி, வயதான பின் லேசாக வருவது. எங்கள் அப்பாயிக்கு அந்த வகை. அவருக்குச் சுகர் தாழ்ந்து மயங்கி விழாமல் இருந்தாலே போதும், வகை தேடி அலைய வேண்டாம்.

சரி, அந்த மாத்திரைக்கு வருவோம். அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குகிற டபாக்ளிஃப்ளோசின். மண்டிக்காரருக்கு எடை குறையும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காவல். சுரப்பு வற்றிய உடம்பிலோ இருக்கிற சதையும் கரையும். சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, ஐசியுவில் படுக்கவைக்கும் அபாயமும் உண்டு.

ஒல்லியானவர்களுக்கு சி-பெப்டைடு பரிசோதனையை முதலிலேயே கேட்டுவிடலாம் என்பது என் கருத்து. சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று அது காட்டும். சுகர் தாறுமாறாக ஏறியிருக்கும்போது எடுத்தால் குறைத்துக் காட்டும். கொஞ்சம் இறங்கிய பிறகு எடுப்பது நல்லது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை இருவருக்கும் கொடுப்பதுதான், ஒல்லிக்கு அது மட்டும் பெரும்பாலும் போதாது. "எடையைக் குறை" என்ற அறிவுரையும் அவருக்குப் பொருந்தாது.

வயல்காரர் இப்போது ராத்திரி இன்சுலின் போட்டுக்கொள்கிறார், உடம்பில் சதை பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மண்டிக்காரர், "தம்பி, எனக்கும் அந்த ஊசியே போட்டா என்ன?" என்கிறார்.