பிளாக்குக்குள் எழுத்துரு: ஆட்டோகேட் தரும் கருவிகள் ஒரு மதிப்பாய்வு

தலைப்புப் பெட்டி, அறைப்பெயர்க் குறி, மட்டக் குறி, மின்சாதனக் குறியீடு என மீண்டும் மீண்டும் தேவைப்படும் உருப்படிகளை ஒருமுறை வரைந்து பிளாக்காகச் சேமித்துவிட்டால், எத்தனை வரைபடங்களில் செருகினாலும் அவை ஒரே மாதிரி தோன்றும் என்றே ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோர் எதிர்பார்க்கிறார்கள். கோடுகளைப் பொறுத்தவரை அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் நிறைவேறுகிறது. எழுத்துகளிலோ அப்படியில்லை: ஒரே நூலகத்திலிருந்து எடுத்த ஒரே குறி, ஒரு தாளில் மெல்லிய ஒற்றைக்கோட்டு எழுத்திலும் மற்றொரு தாளில் நிரம்பிய ஏரியல் எழுத்திலும் வந்து நிற்கும். பிளாக்குகளுக்குள் எழுத்துருவைச் சீராக வைத்திருக்க இந்த மென்பொருள் என்னென்ன கருவிகளைத் தருகிறது, அவை எவ்வளவு தூரம் உதவுகின்றன என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். ஆட்டோகேடில் எழுதப்படும் வரி, பொதுவாக, எழுத்துருக் கோப்பை நேரடியாகச் சுட்டுவதில்லை; ஒரு டெக்ஸ்ட் ஸ்டைலைச் சுட்டுகிறது. எந்த எழுத்துருக் கோப்பு, எவ்வளவு அகல விகிதம், எவ்வளவு சாய்வு என்பவை அந்த ஸ்டைலின் வரையறையில் இருக்கின்றன. பிளாக் வேறொரு வரைபடத்துக்குள் செல்லும்போது ஸ்டைலும் அதனுடன் செல்கிறது. ஆனால் அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஸ்டைல் இருந்தால், புதிதாக வந்த வரையறை கைவிடப்பட்டு, அங்கிருப்பதே நிலைக்கிறது. லேயர்கள் எனப்படும் வரைபட அடுக்குகளுக்கும் பிளாக் பெயர்களுக்கும் இதே விதிதான். விதியில் எனக்குக் குறை தோன்றவில்லை. இதற்கு நேர்மாறாக இருந்திருந்தால், எங்கிருந்தோ வந்த ஒரு சிறு குறியீட்டைச் செருகியதுமே தாள் முழுவதிலும் உள்ள எழுத்துகள் உருமாறிப் போயிருக்கும். குறை என்னவென்றால், வரையறைகள் மோதிய செய்தி பயனருக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை.

இந்த மோதலுக்கு முதலில் பலியாவது ஸ்டாண்டர்டு என்னும் ஸ்டைல். அது எல்லா வரைபடங்களிலும் உண்டு, நீக்கவும் முடியாது. பழைய டெம்ப்ளேட்டுகளில் அதன் எழுத்துரு ஆட்டோகேடின் சொந்த ஒற்றைக்கோட்டு எழுத்துருவான டிஎக்ஸ்டி.எஸ்எச்எக்ஸ், பிற்காலத்து டெம்ப்ளேட்டுகளில் ஏரியல், அலுவலகங்கள் தங்கள் விருப்பப்படி அதை ரோமன்ஸ் என்றும் சிம்ப்ளெக்ஸ் என்றும் மாற்றி வைத்திருப்பதும் வழக்கம். ஆகவே ஸ்டாண்டர்டு ஸ்டைலில் எழுதிய பிளாக், போகும் இடத்து எழுத்துருவையே எப்போதும் அணிந்துகொள்ளும். மறுபயன்பாட்டு நூலகம் வைத்திருப்பவர்கள், வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு முன்னொட்டுடன் தனி ஸ்டைல்களை உருவாக்கி, பிளாக்குகளின் எல்லா எழுத்துகளையும் அவற்றிலேயே வைப்பதுதான் நம்பத்தக்க வழி. ஸ்டைலின் பெயரிலேயே எழுத்துருவின் பெயரும் இருந்தால், பின்னால் வருபவர் அந்த ஸ்டைலை வேறு எழுத்துருவுக்கு மாற்றத் தயங்குவார். இந்த ஒரு ஒழுங்கு தரும் பலனை, பின்னர் சொல்லப்போகும் கருவிகள் எல்லாம் சேர்ந்தும் தருவதில்லை என்பது என் மதிப்பீடு.

நிறம், கோட்டு வகை, கோட்டுத் தடிமன் ஆகியவற்றுக்கு பைபிளாக் என்றொரு வசதி இருக்கிறது. அதைக் கொடுத்தால், செருகப்பட்ட பிளாக்குக்குத் தரப்படும் பண்பையே உள்ளே இருக்கும் கோடும் ஏற்கும். டெக்ஸ்ட் ஸ்டைலுக்கு அப்படி ஒன்று இல்லை. 2006 பதிப்பில் செருகிய பின்னும் வடிவத்தை மாற்றக்கூடிய டைனமிக் பிளாக்குகள் வந்தன, 2008 பதிப்பில் அளவுகோலுக்கேற்ப உயரம் மாறும் அனோடேட்டிவ் எழுத்து வந்தது, 2020 பதிப்பில் பிளாக்குகளுக்கெனத் தனிப் பேலட் வந்தது. இத்தனைக்கும் நடுவே இந்த இடைவெளி மட்டும் அடைக்கப்படவில்லை. சிலர் ஒரே சொல்லை வெவ்வேறு ஸ்டைல்களில் எழுதி, டைனமிக் பிளாக்கின் காட்சி நிலைகளில் (எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி) ஒன்றன்மேல் ஒன்றாக ஒளித்து வைக்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆனால் ஒரு சொல்லைத் திருத்த வேண்டி வந்தால் அதை எத்தனை நிலைகளில் திருத்த வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த உத்தியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

உண்மையான சிக்கல் அட்ரிபியூட்டுகளில், அதாவது அறைப்பெயர், எண் போல ஒவ்வொரு செருகலிலும் வேறு மதிப்பை நிரப்பும் எழுத்து இடங்களில்தான் இருக்கிறது. பிளாக்கில் உள்ள சாதாரண எழுத்து, வரையறையில் ஒரே ஒரு முறை மட்டும் சேமிக்கப்படுகிறது. பிளாக் எடிட்டரில் திறந்து ஸ்டைலை மாற்றிச் சேமித்தால், அந்த வரைபடத்தில் செருகப்பட்ட எல்லா இடங்களிலும் அது உடனே மாறிவிடும். அட்ரிபியூட் அப்படியன்று. செருகப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கென ஒரு தனிப் பிரதி உருவாகி, மதிப்புடன் ஸ்டைல், உயரம், இடம் ஆகியவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. எனவே வரையறையில் ஸ்டைலை மாற்றினால் இனிமேல் செருகப்படுபவை மட்டுமே புதிய எழுத்துருவில் வரும். ஏற்கெனவே தாளில் இருப்பவை பழையபடியே இருக்கும். அவற்றை வரையறைக்கு ஏற்பத் திருப்புவதற்கு அட்சிங்க் கட்டளை இருக்கிறது. நிரப்பிய மதிப்புகளை அது அழிப்பதில்லை. ஆனால் கோடுகளின் மேல் விழாதபடி கையால் நகர்த்தி வைத்த குறிப்பு எண்களையும், பெட்டிக்குள் அடங்குவதற்காகக் குறுக்கிய பெயர்களையும் வரையறையின் இடத்துக்கும் வடிவத்துக்கும் கொண்டுபோய்விடுகிறது. ஸ்டைலை மட்டும் மாற்று, இடத்தைத் தொடாதே என்று அதனிடம் சொல்ல வழியில்லை. இத்தனை முக்கியமான கட்டளைக்கு இவ்வளவு முரட்டுத்தனம் ஆகாது. பேட்மேன் என்னும் அட்ரிபியூட் மேலாளர், பிளாக் எடிட்டரைத் திறக்காமலேயே ஸ்டைலை மாற்ற உதவுவதால், அட்ரிபியூட் மட்டுமே பிரச்சினையாக இருக்கும்போது அதையே நான் முதலில் நாடுவேன்.

ஸ்டைலை மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே உள்ள ஸ்டைலின் எழுத்துருவை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எழுத்துகள் எல்லாம் புதிய உருவில் மறுபடி வரையப்படுகின்றன. உயரம், அகல விகிதம், சாய்வு ஆகியவற்றை மாற்றினாலோ, பழைய ஒற்றை வரி எழுத்துகள் அசைவதில்லை. எழுத்துருவும் விகிதமும் ஒன்றுசேர மாறும் என்று நினைப்பவர், எழுத்துரு மட்டும் மாறி, வரி பெட்டியைத் தாண்டி நிற்பதைப் பார்ப்பார். பலவரி எழுத்துகளில் எடிட்டருக்குள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து இட்ட எழுத்துரு, ஸ்டைலின் வரையறையில் செய்யும் மாற்றத்துக்கு மசிவதேயில்லை. அதே எடிட்டரில் இருக்கும் வடிவமைப்பை நீக்கும் வசதியால் அதைக் களைந்த பிறகுதான் ஸ்டைல் செல்லுபடியாகும். நூலகத்தில் சேர்க்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

எழுத்துருக் கோப்பே கணினியில் இல்லாவிட்டால், ஃபாண்ட்ஆல்ட் என்னும் அமைப்பு மாறியில் குறித்த மாற்று எழுத்துரு அந்த இடத்தை நிரப்பும்; அதன் இயல்பு மதிப்பு சிம்ப்ளெக்ஸ்.எஸ்எச்எக்ஸ். வரைபடம் திறந்துகொள்ளும், வாசிக்கவும் முடியும், ஆனால் எழுத்துகளின் அகலம் வேறாகிவிடும். வெளியே அனுப்பும்போது, வரைபடத்தையும் அது சார்ந்த கோப்புகளையும் ஒரே தொகுப்பாக்கும் ஈடிரான்ஸ்மிட் கட்டளையில் எழுத்துருக்களையும் சேர்க்கும் தேர்வை இட்டால் எஸ்எச்எக்ஸ் கோப்புகள் உடன் செல்லும்; ஏரியல் போன்ற ட்ரூடைப் எழுத்துருக்கள் பெறுபவரிடம் உள்ளனவா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

சரிபார்ப்புக் கருவிகளைப் பற்றி இருவேறு கருத்துகள் எனக்கு உண்டு. டிடபிள்யூஎஸ் எனப்படும் தரநிலைக் கோப்பில் அலுவலகத்தின் ஸ்டைல்களை வைத்து, செக்ஸ்டாண்டர்ட்ஸ் கட்டளையை ஓட்டினால், பெயர் ஒன்றாக இருந்தும் எழுத்துரு வேறுபடும் ஸ்டைலைக் கண்டுபிடித்துத் திருத்தித் தருகிறது. பெயர் மோதலால் வரும் கோளாறுக்கு இது மிகப் பொருத்தமான மருந்து. எனினும் அது ஸ்டைலின் வரையறையை ஒப்பிடுகிறதே தவிர, எந்த எழுத்து எந்த ஸ்டைலில் இருக்க வேண்டும் என்பதைக் கேட்பதில்லை. ஸ்டாண்டர்டில் எழுதப்பட்ட பிளாக் எழுத்து அதன் கண்ணில் குற்றமற்றது. பண்புகளைக் கொண்டு உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும் க்யூசெலக்ட் கட்டளையும் பிளாக்குக்குள் நுழையாது. ஆகையால் பெரிய நூலகத்தைச் சீர்செய்ய விரும்புவோர், வரைபடத்தின் பிளாக் அட்டவணையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் பிளாக்குகள் உட்பட எல்லா எழுத்துகளின் ஸ்டைலையும் மாற்றும் நிரலை, ஆட்டோகேடின் உள்மொழியான ஆட்டோலிஸ்பில் எழுதி நாட வேண்டியிருக்கிறது. சில வரிகளில் எழுதிவிடக்கூடிய நிரல்தான். 2024 பதிப்பிலிருந்து எல்டி என்னும் குறைந்த வசதிகள் கொண்ட ஆட்டோகேட் பதிப்பின் பயனர்களும் அதை ஓட்டலாம். ஆனால் இத்தனை பேர் எழுதிக்கொள்ளும் ஒன்றை மென்பொருளே ஏன் தரக்கூடாது என்ற கேள்வி நியாயமானது.

நூலகத்தைத் திருத்தியபின் பழைய வரைபடங்கள் தாமாகத் திருந்துவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே பிளாக்கை மறுவரையறை செய்து, அட்ரிபியூட் இருந்தால் அட்சிங்கையும் ஓட்ட வேண்டும். நிரப்ப வேண்டிய மதிப்புகள் ஏதுமில்லாத தாள் சட்டம் போன்றவற்றுக்கு, பிளாக்கைவிட எக்ஸ்ரெஃப் இணைப்பையே, அதாவது வேறொரு வரைபடக் கோப்பை உள்ளே நகலெடுக்காமல் சுட்டிக் காட்டும் முறையையே பரிந்துரைப்பேன். இணைக்கப்பட்ட கோப்பின் ஸ்டைல் பெயருக்கு முன்னால் கோப்பின் பெயர் ஒட்டிக்கொள்வதால், ஏற்கும் வரைபடத்தின் ஸ்டைல் அதன்மேல் ஏற முடியாது. அதன் எழுத்துரு அதனிடமே இருக்கும். இறுதியில் ஒரே கோப்பாகத் தர வேண்டியிருந்தால், பிணைக்கும்போது இன்செர்ட் வகையைத் தவிர்த்து பைண்ட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்செர்ட் வகையில் அந்த முன்னொட்டு கழன்று பெயர்கள் ஒன்றாகிவிடும். பைண்ட் வகையில் ஸ்டைல் பட்டியல் சற்று நீண்டு அசிங்கமாகத் தெரிந்தாலும் எழுத்துரு மாறாது.