‘ஸ்பென்ட்’ விளையாட்டு: வடசென்னை வகுப்பறைக்கு எடுபடுமா?

வறுமையைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கும், வியாசர்பாடி, காசிமேடு பக்கம் களப்பணிக்குப் போகும் என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கும் ‘ஸ்பென்ட்’ என்ற இணைய விளையாட்டு சுலபமாகக் கிடைக்கும் கருவி. காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பிரவுசரில் திறந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் வீடற்றவர்களுக்கு உதவும் ‘அர்பன் மினிஸ்ட்ரீஸ் ஆஃப் டர்ஹாம்’ அமைப்புக்காக மெக்கின்னி என்ற விளம்பர நிறுவனம் 2011-ல் செய்து கொடுத்தது.

வேலையும் வீடும் போய்விட்டது, குழந்தை இருக்கிறது, கையில் 1,000 டாலர். மாதத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டல் சர்வர், கிடங்குத் தொழிலாளி, தற்காலிக அலுவலக வேலை ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடிக்கலாம். கடைசி வேலைக்கு டைப்பிங் சோதனை உண்டு. அடுத்து வீடு. வேலைக்குப் பக்கத்தில் குடியிருந்தால் வாடகை எகிறும். தள்ளிப் போனால் போக்குவரத்துச் செலவு எகிறும். திரையில் குறியை இழுக்க இழுக்க இரண்டு தொகையும் கண்ணெதிரே மாறும். மொத்த விளையாட்டிலும் உருப்படியான இடம் இதுதான்.

வகுப்பை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள். ஆற்றோரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் சென்னையின் தெற்கு விளிம்பில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களின் கையில் அந்தக் குறி இல்லை. வீடு எங்கே என்பதை அரசு முடிவு செய்தது. வேலை பழைய இடத்திலேயே இருந்தது. இதைச் சொல்லாமல் நகர்ந்தால், தூரம் என்பது அவரவர் விருப்பம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார்.

விளையாட்டின் பெரிய கோளாறும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி, இரண்டு மூன்று பொத்தான்கள். சரியானதை அழுத்தினால் மாதக் கடைசியில் பணம் மிஞ்சுகிறது. ‘புத்திசாலித்தனமாகச் செலவழித்தால் சமாளிக்கலாம்’ என்ற எண்ணம் அதிலிருந்தே முளைக்கும். யேல் பல்கலைக்கழகத்தின் ஜீனா ரூசோஸ், ஜான் டொவிடியோ இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இதை விளையாடியதால் ஏழைகள் மீதான பரிவு கூடவில்லை. வறுமை தனிமனிதர் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற உணர்வை விளையாட்டு தந்துவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தானே விளையாடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் விளைவு மேலாக இருந்தது.

ஆகவே ஆளுக்கொரு கணினியில் உட்கார வைக்காதீர்கள். புரொஜெக்டரில் ஒருவர் ஓட்டட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை ஓட்டினால் ‘ஜெயிக்கும் வழி’ தேடத் தொடங்கிவிடுவார்கள். எழுத்தெல்லாம் ஆங்கிலம் என்பதால் ஒவ்வொரு கேள்வியையும் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டாலரை ரூபாயாக மாற்றிச் சொல்லாதீர்கள். ஆயிரம் டாலர் ரூபாயில் பெரிய தொகையாகத் தெரியும், அத்தோடு பாடம் போச்சு. கையிருப்பில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது என்று மட்டும் பலகையில் எழுதுங்கள்.

பிறகு நம் ஊர்க் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். தினக்கூலி 500, மாதத்தில் 22 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 11,000. ஒற்றை அறை வாடகை 4,500. தண்டல் (தினமும் வசூலிக்கும் கடன்) 10,000 வாங்கினால் முன்பிடித்தம் போகக் கையில் 8,500 வரும். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆக மாதத் தவணை 3,000. மிச்சம் 3,500, நாளைக்கு 116 ரூபாய். கரன்ட், கேஸ், பள்ளிக்கூடச் செலவு எல்லாம் இதற்குள். வேலை இல்லாத அந்த 8 நாளும் தண்டல்காரர் வருவார். இந்த நெருக்கடி இங்கே பாதிக் கதை. தொகைகளை உங்கள் தெருவில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காசிமேட்டுக் குடும்பத்துக்கு எந்த மாதம் என்பதும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், மீன் வெட்டித் தருபவர் வரைக்கும் வரும்படி சுருங்கும்.

அமெரிக்கச் செலவுகளை அப்படியே பெயர்க்கவும் கூடாது. இங்கே ரேஷன் அரிசி இலவசம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆகவே காகிதக் கணக்கில் பேருந்துக்கு ரூபாய்க்குப் பதில் காத்திருக்கும் நிமிடத்தைக் கழியுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தான், ஓ.பி. வரிசையில் நிற்கும் அன்றைய கூலியும் துணைக்கு வந்தவர் கூலியும் போகும். அதைக் கழியுங்கள்.

அறைக்குள் குடும்பங்களாகப் பிரிந்து ஆடும், அமெரிக்காவின் மிசூரி மாநில அமைப்பு ஒன்றின் ‘கம்யூனிட்டி ஆக்‌ஷன் பாவர்ட்டி சிமுலேஷன்’ இதைவிட ஆழமானது. ஒரு மாதத்தை 15 நிமிட ‘வாரங்கள்’ நான்காகப் பிரிக்கும். ஆனால் நாற்பது பேருக்கு மேலும், கடைக்காரர், வங்கி ஊழியர் வேடமிடத் தன்னார்வலர்களும் வேண்டும். ஒரு பீரியடில் முடியாது.

தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ வகுப்பு நடத்துகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த அறையில் பலர் இந்த வாழ்க்கையை வீட்டிலேயே வாழ்கிறவர்கள். ‘உங்க வீட்ல எப்படிம்மா?’ என்று எழுப்பிக் கேட்பது கொடுமை. காகிதக் கணக்கின் தொகைகளைத் திருத்த யாராவது தாமாக முன்வந்தால் மட்டும் இடம் கொடுங்கள்.

கட்டாயம் விளையாடிப் பார்க்க வேண்டியது என்று ‘ஸ்பென்ட்’டைச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் ஆசிரியர் நின்றால் நல்ல கருவி, தனியாக விட்டால் தவறான பாடம். ‘நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?’ என்ற கேள்வியோடு முடிக்காதீர்கள், அது மறுபடி பொத்தானுக்கே இழுத்துப் போகும். பலகையில் முதலாளி, வீட்டுக்காரர், மாநகராட்சி, மாநில அரசு என்று நான்கு கட்டம் போட்டு, விளையாட்டில் வந்த ஒவ்வொரு செலவையும் யார் குறைத்திருக்க முடியும் என்று மாணவர்களே எழுதட்டும்.