தெருக் கடைக்கு நாலு வரி அட்டை: தாய்லாந்திலும் வியட்நாமிலும் பயன்படுத்திய அனுபவம்

மொழி தெரியாத ஊரில் தள்ளுவண்டிக் கடையில் சாப்பாடு வாங்க, செல்பேசிச் செயலி உண்டு, மனப்பாடம் செய்த சொற்கள் உண்டு, உள்ளூர் எழுத்தில் அச்சடித்த அட்டையும் உண்டு. பல பயணங்களில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் நிலைத்து நின்றது அட்டைதான். எண்ணெய் கொதிக்கும் சட்டிக்கு முன்னால் நிற்கிறவர் உங்கள் செல்பேசியைக் கையில் வாங்கிப் படிக்க மாட்டார். அட்டையை நீட்டினால் ஒரு பார்வையில் படித்துவிடுவார்.

அட்டையை எழுதும்போதே முதல் தவறு நடக்கிறது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் கறி என்றால் இறைச்சி. கறிக்கடை, கறிக்குழம்பு என்றுதான் புழக்கம். மொழிபெயர்ப்புச் செயலி அதைக் குழம்பு வகையாக எடுத்துக்கொள்ளும். ‘கறி வேண்டாம்’ என்று தட்டினால் ‘குழம்பு வேண்டாம்’ என்று போய்விடும். தட்டில் இறைச்சி வரும். ‘இறைச்சி’ என்றே எழுதுங்கள். ‘சைவம்’ சமயத்தின் பெயராகவும் போகலாம் என்பதால் அதையும் நம்ப வேண்டாம். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது நமக்கு இயல்பு. செயலிக்கு யார், எதை, என்ன செய்கிறார் என்று முழுசாகச் சொல்ல வேண்டும்: ‘நான் மாட்டு இறைச்சி சாப்பிடுவதில்லை.’ வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்து, பொருள் கெடாமல் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வரி போதும். சாப்பிடாதவை முதல் வரியில். அவற்றின் எலும்பு வேகவைத்த சாறும் கூடாது என்பது இரண்டாவது வரி. இதை எழுதாவிட்டால் நூடுல்ஸ் கிண்ணத்தில் இறைச்சித் துண்டு இருக்காது, ஆனால் சாறு பன்றி எலும்பிலோ மாட்டு எலும்பிலோ கொதித்ததாக இருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, இறைச்சி போடாதே என்றீர்கள், போடவில்லை. சாப்பிடுகிறவை மூன்றாவது: முட்டை, மீன், காய், எதுவோ அது. நாலாவது வரிதான் அட்டையின் உயிர்: ‘இதில் எதைச் செய்து தர முடியும்? விரலால் காட்டுங்கள்.’ ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை எழுதவே கூடாது. பதிலும் புரியாது, வாடிக்கையாளரின் மனம் கோணக்கூடாதென்று ‘ஆம்’ சொல்கிறவர்களும் நிறைய. பதிலுக்கு நம் ஊர்ப் பாணியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், மறுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்கு எழுத்துக் கோப்பாகக் கொண்டுபோனால் அவர்கள் கணினியில் தாய்லாந்து எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்களாக வரலாம். வியட்நாமியத்தில் எழுத்தின் மேலும் கீழும் உள்ள குறிகள் உதிர்ந்தால் சொல்லே வேறாகிவிடும். பிடிஎஃப் ஆகவோ படமாகவோ கொடுத்து, போஸ்ட்கார்டு அளவில், இருட்டிலும் தெரிகிற பெரிய எழுத்தில் அடித்து லேமினேட் செய்துவிடுங்கள். போய் இறங்கியதும் விடுதி வரவேற்பில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ள, லேமினேட் செய்யாத ஒரு பிரதியும் பையில் இருக்கட்டும்.

மனப்பாடச் சொற்களில் தமிழ் நாக்குக்கென்றே ஒரு குழி இருக்கிறது. தாய்லாந்து மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் நாம் தமிழில் ‘கை’ என்றுதான் எழுத முடியும். இரண்டுக்கும் தொனிகூட, அதாவது குரல் ஏறி இறங்கும் விதம்கூட, ஒன்றே. முட்டைக்கு ‘க’வில் மூச்சுக்காற்று சேரும், கோழிக்குச் சேராது. நமக்கு அந்த வேறுபாடு பழக்கமில்லாததால் முட்டை கேட்டால் கோழி வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக் காற்று படும்படி சொல்லிப் பழகலாம்; அதைவிட எளிது, முட்டைத் தட்டைக் காட்டுவது. வியட்நாமில் ‘கா’ ஏறு தொனியில் மீன், இறங்கு தொனியில் தக்காளி, கத்தரி வகைச் சொற்களின் தொடக்கம். வாயால் சொல்லத் துணிவது தொனி ஏறாமல் இறங்காமல் இருக்கும் சொற்களை மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ‘சாய்’ அப்படிப்பட்டது, மரக்கறி உணவு என்று பொருள்.

தாய்லாந்தில் அதற்கு இணை ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாகக் கடையில் தொங்கும். முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கிடையாது. முட்டை, பால் பரவாயில்லை என்பவர்களுக்கு ‘மங்சவிரத்’ என்ற சொல். அதற்குள் மாமிசமும், விலகல் என்று பொருள்படும் ‘விரதி’யும் இருப்பதால் நமக்கு மறக்காது.

எதை மாற்றச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அட்டை சொல்லித் தராது; சமைக்கும் முறையைப் பார்த்தால் தெரியும். சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட் ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக உரலில் இடிப்பது. ‘மை சை’ என்றால் போடாதீர்கள். ‘மை சை குங் ஹேங்’ என்றால் காய்ந்த இறால் வேண்டாம், ‘மை சை நாம் ப்லா’ என்றால் மீன் சாறு வேண்டாம். இரண்டும் நடக்கும். ஆனால் உரல் எல்லோருக்கும் பொது. பாட் தாய் நூடுல்ஸில் புளி, பனைவெல்லம், மீன் சாறு கலந்த குழம்பு பெரும்பாலும் முன்பே தயாராக இருக்கும். அதிலிருந்து மீனை எடுக்க யாராலும் முடியாது.

வியட்நாமின் பன் மீ ரொட்டி கண்ணெதிரே அடுக்கப்படுவதால் நமக்கு வசதி. முட்டை மட்டும் போதும் என்றால் ‘ஓப் லா’ கேளுங்கள். பிரெஞ்சின் ‘எஃப் ஓ பிளா’தான் அது, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்குச் சொன்னவுடன் புரியும். ஆனால் ரொட்டியைப் பிளந்த கையோடு முதலில் தடவுவது பெரும்பாலும் ‘பத்தே’ என்ற பன்றி ஈரல் விழுது. கத்தி அந்தப் பாத்திரத்துக்குப் போகும் முன்பே அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

கிளம்பும் முன் நாட்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் பாருங்கள். வியட்நாமில் சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் பலர் ‘சாய்’ சாப்பிடுகிறார்கள். அந்த நாட்களை ஒட்டி மரக்கறி உணவு தேடி அலைய வேண்டியிருக்காது.

கேமராவை வைத்துப் பலகையைப் படிப்பது அச்செழுத்துக்குச் சரி, கையெழுத்துக்கு உதவாது. தாய்லாந்து எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லாததும், தலைச்சுழி இல்லாத புது எழுத்துருக்களும் சேர்ந்து அதைக் குழப்பும். உணவுப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிடும்: பாட் கீ மாவ் ‘குடிகாரர் வறுவல்’ என்று வரும். மது இருக்குமோ என்று பயந்து விட்டுவிட வேண்டியதில்லை. மொழித் தொகுப்புகளை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். குரல் வசதி சந்தைச் சத்தத்தில் தேறாது.

விலைக்குக் கால்குலேட்டர் போதும். தாய்லாந்துப் பலகையில் ஒரே உணவுக்கு இரண்டு விலை இருந்தால் ஏமாற்று இல்லை: குறைந்தது ‘தம்மதா’, சாதாரண அளவு, கூடியது ‘பிசேத்’, நம் விசேஷம்தான், அளவு கூட. வியட்நாமில் 30 என்று சொன்னால் 30,000 டாங். ஆயிரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அங்கே 20,000 தாளும் 5,00,000 தாளும் நீலம். மஞ்சள் விளக்கில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். 5,00,000 தாள்களைத் தனிப் பையில் வைத்துவிட்டு, அன்றைய சாப்பாட்டுக்கான சின்னத் தாள்களோடு மட்டும் கடைக்குப் போங்கள்.