பாசாவ் முதல் வியன்னா வரை: வாடகை டிரெய்லரில் 11 மாத மகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இந்தக் குழந்தை வண்டிக்கு, அதாவது டிரெய்லருக்கு, நான்கு நட்சத்திரம், அதை வாடகைக்கு விட்ட கடைக்கு இரண்டு.

ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் கரையோரமாக சுமார் 320 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. பெரும்பாலும் தார், பெரும்பாலும் சமதளம், ஆறு ஓடும் பக்கமே நாமும் போகிறோம். பிள்ளை இல்லாதவர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு 9 நாள் ஆனது, மகள் தூங்கும் நேரம்தான் சைக்கிள் ஓடும் நேரம் என்று இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

கடையில் என்ன நடந்தது என்றால், என் சைக்கிளின் பின்பக்கம் த்ரூ ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் அச்சு), டிரெய்லரை மாட்ட அதற்குத் தனி அடாப்டர் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதியிருந்தேன். போய் நின்றால் இல்லை. தேடிக் கொடுக்க இரண்டு மணி நேரம், அதற்குள் இவள் ஒரு பாட்டில் பாலையும் எங்கள் பொறுமையையும் முடித்துவிட்டாள். போதாததற்கு டயரில் கல்லு மாதிரி காற்று. பத்து கிலோகூட இல்லாத குழந்தை உட்காரும் வண்டியில் அவ்வளவு காற்று அடித்தால் ஸ்பிரிங் இருந்தும் பிரயோஜனமில்லை, சின்னக் கல்லுக்கெல்லாம் தலை ஆடுகிறது. டயர் ஓரத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கிய பிறகுதான் வண்டி தூளி மாதிரி ஆடியது, பத்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். ஸ்பிரிங் இல்லாத மாடலைக் கொடுத்தால் வாங்காதீர்கள், வாடகை பாதியாக இருந்தாலும் சரி, வேண்டாம்.

அப்புறம் ஹெல்மெட். ஆஸ்திரியாவில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாலும்தான். ஜெர்மனியில் அப்படிச் சட்டம் இல்லை, எல்லையோ பாசாவைத் தாண்டியதும் வந்துவிடுகிறது. ஹெல்மெட்டின் பின்பக்கம் சீட்டில் இடித்துத் தலையை முன்னால் தள்ளும், தூங்கும்போது தாடை நெஞ்சில் போய் முட்டும், பார்க்கவே பயமாக இருக்கும். சின்னத் துண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தோம், ஹெல்மெட்டுக்கு இடம் கிடைத்துத் தலை நேரானது. (தானாக நிமிர்ந்து உட்காராத கைக்குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.)

ஷ்லோகன் என்ற ஊரில் ஆறு கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே சைக்கிளுக்கென்றே சின்னப் படகு ஓடுகிறது, டிரெய்லரைக் கழற்றித் தூக்கி ஏற்றினோம். மெல்க் ஊரில் மேட்டின் மேல் இருக்கும் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தைக் கீழே இருந்தே பார்த்துக்கொண்டோம், மேட்டில் இழுக்கத் தெம்பில்லை. வாஹாவ் பள்ளத்தாக்கில் ஜூலை என்பதால் வழியெல்லாம் ஆப்ரிகாட் விற்கிறார்கள், அங்கே அதற்கு 'மரில்லே' என்று பெயர். மகள் பாதியைத் தின்று மீதியை சீட்டில் தேய்த்தாள்.

வெயில்தான் பெரிய குறை. மழைக்கு மூடும் பிளாஸ்டிக்கை வெயிலில் போட்டால் உள்ளே அடுப்பு. கொசுவலையை மட்டும் இழுத்துவிட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டி, மதியம் 12 முதல் 4 வரை ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். வலையின் ஜிப்பு மூன்றாம் நாளே சிக்கியது.

ரயிலில் பாசாவ் திரும்பி வண்டியை ஒப்படைத்தபோது, சுத்தம் செய்ய என்று முன்பணத்தில் 20 யூரோ பிடித்துக்கொண்டார்கள். சண்டை போடலாம் என்றுதான் போனேன். கடைக்காரர் ஜிப்பை இழுத்துக் காட்டினார், ஒவ்வொரு பல்லிலும் காய்ந்த வாழைப்பழம். சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.